முன்கூட்டி நன்றி சொல்வதில்லை

"பல்லுக்கு ஏது தோல்?" என்று கேட்டேன்.

பான் செவெரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். இருபத்தாறு வயது. போஸ்னானில் ஆங்கிலம் படித்துப் பட்டம் வாங்கியவர். இங்கிலாந்தை விமானத்திலிருந்துகூடப் பார்த்ததில்லை. கப்பல் தளத்தின் புது முதலாளிகள் எங்களுக்கென்று அமர்த்திய வாத்தியார். எங்கள் மொழியில் ஐயா என்பதற்குப் பான், அம்மா என்பதற்குப் பானி.

"அப்படித்தான் சொல்லுவாங்க, பானி பொக்னா. பல்லோட தோலால தப்பிச்சேன்னா, ரொம்ப ஒட்டித் தப்பிச்சேன்னு அர்த்தம்."

"நாம மயிரிழையில தப்பிச்சேன்னு சொல்றோம். மயிர் இருக்கு, இழை இருக்கு. கண்ணால பார்க்கலாம். இவங்க பல்லுக்குத் தோலை எங்க பார்த்தாங்க?"

"தெரியல பானி."

"உங்களுக்கே தெரியாததை நான் எதுக்குப் படிக்கணும்?"

"முப்பத்தேழாம் பக்கத்துல இருக்கு. அதுக்காகத்தான்."

முப்பத்தேழாம் பக்கத்தில் அது மட்டும் இல்லை. உடம்பு சரியில்லை என்றால் 'வானிலைக்குக் கீழே இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டுமாம். எல்லாருக்கும் தெரிந்து யாரும் வாய்திறக்காத சங்கதி என்றால் 'அறைக்குள் யானை'. சுலபமான வேலைக்கு நாங்கள் வெண்ணெய் தடவிய ரொட்டி என்போம். அவர்களுக்கு அது கேக். வசதியாக வளர்ந்தவர்கள். இப்படி முந்நூறு மரபுத்தொடர். ஐந்து மாதத்தில் முந்நூறையும் விழுங்கிவிட்டு, தேர்வில் கேட்டால் கக்க வேண்டும்.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. இருபத்தாறு வருடமாக க்டின்யா தளத்தில் பதின்மூன்றாம் எண் கிரேனை ஓட்டுகிறேன். கடலில் நடும் காற்றாலைகளுக்குக் கோபுரத் துண்டுகள் செய்கிறோம். ஒவ்வொன்றும் இருநூறு டன்னுக்குக் குறையாது. பெரிய துண்டு என்றால் இரண்டு கிரேன்கள் சேர்ந்து தூக்க வேண்டும். அப்போது கீழே ஒருவர் ரேடியோவோடு நின்று இரண்டு ஆபரேட்டருக்கும் சொல்லுவார்: நீ ஏற்று, நீ பொறு, ரெண்டு பேரும் நில். அவர்தான் தூக்கு மேற்பார்வையாளர். இரண்டு கொக்கியில் ஒன்று ஒரு கை அளவு முந்தினால்கூடப் பாரம் எல்லாம் மற்றதன்மேல் சாயும். கீழே ஆள் நிற்பான்.

எங்கள் மேற்பார்வையாளர் ஆகஸ்ட் மாதம் முழங்கால் போய் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து இரட்டைத் தூக்கு வந்தால் நான்தான் கேபினை விட்டு இறங்கி அந்த இடத்தில் நிற்கிறேன். தற்காலிகம் என்று பெயர். ஏழு மாதம் தற்காலிகம். இருபத்திரண்டு தூக்கு. யார் காலிலும் ஒரு நகம்கூடப் பெயரவில்லை.

இதற்கு நடுவில், செப்டம்பர் கடைசியில், முதலாளிகளிடமிருந்து ஒரு தாள் வந்தது. வசந்தத்திலிருந்து அந்தப் பதவியில் இருப்பவர் வெளிநாட்டு இன்ஜினியர்களோடு உயர்நிலை ஆங்கிலத்தில் பேச வேண்டும். வாய்மொழித் தேர்வு உண்டு. எங்கள் தளத்தில் அதை ஏற்கெனவே தேறியவன் ஒருவன்தான். ராடெக். பாரத்தைக் கட்டும் ஸ்லிங் வாரைக் கொக்கியில் மாட்டும் ரிக்கர். எட்டு வருடம் அயர்லாந்தில் காளான் பறித்தவன். ஆங்கிலம் அவன் வாயில் தண்ணீர் மாதிரி ஓடும். இரட்டைத் தூக்கு நடத்தியது மொத்தம் ஒரே ஒரு தடவை, போன நவம்பரில், என் கிரேனை ஓட்ட வேறு ஆள் கிடைக்காத ஒரு நாள். ஸ்லிங் சரியாக இறுகுவதற்கு முன் 'ஏற்று' என்றான். துண்டு ஊசலாடி, கிழவர் ப்ரூனோனின் ஹெல்மெட்டை உரசிக்கொண்டு போனது. நான் கேபினிலிருந்து பார்த்து நிறுத்தினேன். ப்ரூனோன் அந்த ஹெல்மெட்டை இன்னும் மாற்றவில்லை. கீறலை எல்லாருக்கும் காட்டுகிறார்.

நான் தேறினால் அந்த இடம் எனக்கு. தோற்றால் ராடெக்குக்கு. விஷயம் இவ்வளவுதான்.

*

வீட்டில் படிக்க முடியாது. என் வீட்டுக்காரர் ஸெனோனுக்கு முப்பது வருட வெல்டிங் புகை நெஞ்சில் தங்கியிருக்கிறது. அவர் இருமும் சத்தத்தில் யானையும் போய்விடும், கேக்கும் போய்விடும். அதனால் தொடர்களை அட்டையில் எழுதிக் கேபின் கண்ணாடியைச் சுற்றி ஒட்டினேன். ஒரு தூக்குக்கும் அடுத்த தூக்குக்கும் நடுவில் கால்மணி கிடைக்கும். அறுபது மீட்டர் உயரத்தில் யார் கேட்கப் போகிறார்கள்? சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன்.

ஒருநாள் ரேடியோ என் தொடைக்கும் நாற்காலிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, பொத்தான் அழுந்தியே இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு, "இன்று நான் நிலாவுக்கு மேலே இருக்கிறேன், இன்று நான் நிலாவுக்கு மேலே இருக்கிறேன்," என்று ஆங்கிலத்தில் ஓதிக்கொண்டிருந்தேன். ரொம்ப சந்தோஷமாக இருக்கிறேன் என்று அர்த்தமாம். ஆறு நிமிடம். கீழே நாற்பது பேர் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அந்த ஆறு நிமிடமும் வேறு யாராலும் ரேடியோவில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

ப்ரூனோன் இரண்டு கையையும் குறுக்கே வீசி நில் நில் என்று சைகை காட்டுவதைப் பார்த்தபிறகுதான் எழுந்தேன். பொத்தான் விடுபட்டதும் அவர் குரல் வந்தது.

"பொக்னா, நிலாவுக்கு மேல போறியா?"

"ஐயோ. எல்லாரும் கேட்டீங்களா?"

"போனா போ. கொக்கியை மட்டும் கீழ விட்டுட்டுப் போ. எங்களுக்கு வேலை இருக்கு."

"அங்கேயே குடியேறிடு," என்றது இன்னொரு குரல். "இங்க வாடகை ஏறிப்போச்சு."

உக்ரைன்காரப் பையன்கள் சிரித்தார்கள். பெயின்ட் அடிக்கும் பிலிப்பைன்ஸ்காரர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு நான் என்ன சொன்னேன் என்று புரிந்திருக்காது. மற்றவன் சிரித்ததற்குச் சிரித்தார்கள். பாதுகாப்பு அதிகாரி என்னைக் கீழே கூப்பிட்டு, ரேடியோவை அடைத்து வைத்ததற்குக் கையெழுத்து வாங்கினார். வாங்க வேண்டியதுதான். அந்த ஆறு நிமிடத்தில் எவனாவது நில் என்று கத்தியிருந்தால் என் காதில் விழுந்திருக்காது. இந்தப் பாழாய்ப்போன நிலாவால் ஒரு ஆளைக் கொன்றிருப்பேன்.

அட்டைகளை எல்லாம் அன்றைக்கே பிய்த்தெடுத்தேன். அதற்குப் பிறகு பேருந்தில் படித்தேன்.

*

முதல் தேர்வு பிப்ரவரி கடைசியில். மனிதவளத்துறை பானி லுட்சினாவின் அறையில், கணினித் திரைக்கு முன்னால். திரையில் தேர்வாளர் திருமதி விட்லாக். நரைத்த முடி, முத்துமாலை, பின்னால் புத்தக அலமாரி. மாடிப்படியில் ஏறும்போது இரண்டு தடவை நின்றுவிட்டேன். கிரேனில் முந்நூற்றுப் பன்னிரண்டு படி ஏறும்போது ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

"ஹலோ பொக்னா," என்றாள் அந்த அம்மாள்.

எடுத்த எடுப்பில் பொக்னா. எங்களில் ஒருவரை 'நீங்க'விலிருந்து 'நீ'க்குக் கொண்டுவர வேண்டுமென்றால் சேர்ந்து உட்கார்ந்து ஒரு கோப்பையாவது குடித்திருக்க வேண்டும். லுட்சினா இருபது வருடமாக என்னைப் பானி என்றுதான் கூப்பிடுகிறாள். சரி, அவர்கள் மொழியில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை, எல்லாம் ஒன்றுதான். அதை எட்டாம் வகுப்பிலேயே படித்தாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இன்னைக்கு எப்படி இருக்கீங்க?"

கேட்டாள், சொன்னேன். இரவு மூன்று மணிநேரம்தான் தூங்கினேன். பித்தப்பையில் கல் இருக்கிறது, டாக்டர் அறுக்க வேண்டும் என்கிறார். குளியலறைக் கூரை ஒழுகுகிறது. 'வானிலைக்குக் கீழே' என்பதையும் மறக்காமல் சேர்த்தேன். அந்த அம்மாளின் புன்னகை அப்படியே நின்றுபோனது. இணைப்புதான் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"சரி... ஆரம்பிக்கலாம். உங்களுக்கு நல்லபடியா அமையட்டும், பொக்னா."

"நன்றி சொல்ல மாட்டேன்," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. நாற்பது வருடப் பழக்கம். எங்கள் ஊரில் தேர்வுக்கோ ஆபரேஷனுக்கோ போகிறவளிடம் ஒருவர் நல்லபடியாக அமையட்டும் என்றால், நன்றி சொல்ல மாட்டேன் என்றுதான் பதில். நன்றி என்று சொன்னால் காரியம் அங்கேயே கெட்டது. சொன்னவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், தலையாட்டுவார். அது பேச்சுகூட இல்லை, தும்மியபின் மூக்கைத் துடைப்பது மாதிரி. நான் மூடநம்பிக்கைக்காரி இல்லை. பதின்மூன்றாம் எண் கிரேனை ஓட்டுகிறேன். அதன் இயந்திர அறையில் ஒரு கறுப்புப் பூனை குட்டி போட்டு வளர்த்தது, நான்தான் பால் வைத்தேன். ஆனால் இந்த ஒன்றை நான் மீறியதில்லை.

திருமதி விட்லாக் எதையோ குறித்துக்கொண்டாள்.

அப்புறம் தொடர்களைக் கேட்டாள். சொன்னேன். படத்தைக் காட்டிப் பேசச் சொன்னாள். பேசினேன். கடைசியாக, "உங்க வேலையில நீங்க பெருமைப்படுற சாதனை எது?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. எல்லாம் சாதாரணம்தான்."

"ஒண்ணுகூடவா?"

"வேலைன்னா செய்யறதுதான். அதுல என்ன சாதனை?"

என் அப்பா இதே தளத்தில் துருச் சுரண்டினார். தன்னைத் தானே புகழ்கிறவன் ஸ்லிங்கைச் சரியாக மாட்டமாட்டான் என்பார். அதை ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம். முந்நூறில் அதற்கு ஒன்றும் இல்லை.

*

ஒரு வாரம் கழித்து லுட்சினா தாளைப் படித்துக் காட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

"சொல்வளம், மிக நன்று. மரபுத்தொடர், இருபதுக்குப் பதினெட்டு. பானி பொக்னா, இது ராடெக்கை விட நாலு கூட."

"அப்புறம்?"

"பழகும் விதம்..." அவள் தொண்டையைச் செருமினாள். "பகைமை. தேர்வாளரோட வாழ்த்தை முகத்துக்கு நேரா நிராகரிச்சார். தன்னோட வேலையில ஆர்வம் காட்டல. சாதாரண விசாரிப்புக்குப் புகார்ப் பட்டியல் வாசிச்சார். பரிந்துரை இல்லை."

"நான் எங்க நிராகரிச்சேன்? நன்றி சொல்ல மாட்டேன்னுதானே சொன்னேன்!"

"எனக்குப் புரியுது பானி. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

"அப்ப அதை எழுதுங்க!"

"மூணு வாரத்துல இன்னொரு தடவை எழுதலாம்னு விதி இருக்கு. அதே அம்மாதான்."

ஐந்து மாதம் யானையோடும் பல்லின் தோலோடும் மல்லுக்கு நின்றேன். அவை ஒன்றும் என்னைக் கவிழ்க்கவில்லை. என்னைக் கவிழ்த்தது முதல் நாளே குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒரு வார்த்தை. லுட்சினாவின் கதவை அறைந்து சாத்திக்கொண்டு இறங்கினேன். அதையும் பகைமை என்று எழுதிக்கொள்ளட்டும்.

மதியம் கேன்டீனில் பட்டாணி சூப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ராடெக் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"கேள்விப்பட்டேன்," என்றான்.

"சந்தோஷமா? போ, மேல போய் நில்லு. நிலாவுக்கு மேல."

"பொக்னா, வாயை மூடிட்டு கேளு. எனக்கு அந்த இடம் வேணாம்."

"சம்பளம் வேணாமா?"

"சம்பளம் வேணும். இடம் வேணாம். நவம்பர்ல ப்ரூனோன் தலைக்கு மேல போனது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கல. இப்பவும் ரேடியோவைக் கையில எடுத்தா வேர்க்குது. கையில காசைக் கொடுத்து நிற்கச் சொன்னா நின்னுடுவேன், எனக்குத் தெரியும். வீட்டுக் கடன் இருக்கு. அதனால நீ பாஸ் ஆகு."

அவன் ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் போட்டான்.

"உன் வாத்தியார் நல்ல பையன்தான். ஆனா அவன் புத்தகத்தைத்தான் பார்த்திருக்கான், ஆளைப் பார்த்ததில்ல. நான் போன முதல் வாரம், காளான் கொட்டகையில சூப்பர்வைசர் எப்படி இருக்கேன்னு கேட்டான். நின்னு முதுகுவலியைச் சொன்னேன். முடிக்கறதுக்குள்ள அவன் ரெண்டு கொட்டகை தாண்டிப் போயிட்டான்."

"அப்ப எதுக்குக் கேட்டான்?"

"கேட்கலை. அது ஒரு சத்தம். நாய் வாலாட்டற மாதிரி. நீயும் ஆட்டணும்."

"எனக்கு வால் இல்ல."

"அம்மா தாயே! வளர்த்துக்கோ. மூணு வாரம் இருக்கு."

அன்றிலிருந்து தினமும் கேன்டீனில் பயிற்சி. சூப்பு ஆறிப்போகும். அவன் எப்படி இருக்கே என்பான். நான், "நல்லா இருக்கேன், நீங்க?" என்று பொய் சொல்ல வேண்டும். பித்தப்பை வலிக்கும்போதும் நல்லா இருக்கேன். கையுறைக்குள் தண்ணீர் புகுந்து விரல் வெடித்திருக்கும்போதும் நல்லா இருக்கேன். நாலாவது நாள் அதைக்கூட வரவழைத்துவிட்டேன். நன்றிதான் வரவில்லை.

"உனக்கு நல்லபடியா அமையட்டும், பொக்னா."

"நன்றி..." என்று ஆரம்பிப்பேன். மிச்சம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். "...சொல்ல மாட்டேன்."

"மேஜைக்குக் கீழ கட்டைவிரலை மடக்கிப் பிடிச்சுக்கோ. அப்பச் சொன்னா கணக்குல வராது."

"வரும்."

"நான் என் தேர்வுல நன்றின்னுதான் சொன்னேன். பாஸ் ஆகல?"

"ஆனே. நவம்பர்ல என்ன ஆச்சு?"

அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் அவனுக்குப் பிடித்த கசகசா ரோல் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். மன்னிப்பு என்று நானும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

வீட்டில் காலை தேநீர் வேளையில் ஸெனோனிடம் முயன்று பார்த்தேன். அவர் என்னை வாழ்த்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டு, "நன்றி," என்றேன். அவர் கோப்பையைப் போட்டுவிட்டார்.

"என்னடி பண்றே? இருக்கறதையும் கெடுக்கப் பாக்குறியா?"

"இது பயிற்சிங்க."

"பயிற்சியா? மேல இருக்கறவனுக்கு இது பயிற்சின்னு தெரியுமா?"

தரையைத் துடைத்தது நான்.

*

இரண்டாம் தேர்வு அன்று காற்று நொடிக்குப் பதினாலு மீட்டர் வேகத்தில் அடித்தது. கிரேன் எல்லாம் கட்டிப் போட்டிருந்தது. அதனால் வேலையில்லாமல் திரிந்த எல்லாரும் மாடிப்படியில் கூடி என்னை வழியனுப்பினார்கள். ஒவ்வொருவனும் வாழ்த்தினான். ஒவ்வொருவனுக்கும் நன்றி சொல்ல மாட்டேன் என்றேன். ப்ரூனோன் தன் கீறல் விழுந்த ஹெல்மெட்டை என் தலையில் வைத்து எடுத்தார். பான் செவெரின் மட்டும் என் காதருகே, "பானி, உள்ள போய் ஒரே ஒரு தடவை நன்றின்னு சொல்லிடுங்க. கெஞ்சிக் கேட்கறேன்," என்றார். அவருக்கும் என்னால் ஒரு கெட்ட பெயர் காத்திருந்தது.

உள்ளே போனேன். கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம். அதற்கு வெளியே ராடெக்கின் முகம்.

"ஹலோ பொக்னா. எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன். நீங்க?"

வாலை ஆட்டினேன். அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. அவளும் நல்லா இருந்தாளாம்.

"ரொம்ப நல்லது. அப்ப தொடங்குவோம். நல்லபடியா அமையட்டும்."

கண்ணாடிச் சதுரத்தில் ராடெக் வாயை அகலமாகத் திறந்து 'நன்றி' என்று உருவம் காட்டினான். இரண்டு கொக்கியும் இறுகி, பாரம் தரையை விட்டுக் கிளம்புகிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, அப்படி இருந்தது. அந்த நொடியில் தெரியாததைத் தெரிந்த மாதிரி செய்கிறவன்தான் ஆளைக் கொல்கிறான்.

"அம்மா," என்றேன். சின்னச் சின்ன வாக்கியமாக, ஒரு தொடரும் கலக்காமல். "போன தடவை உங்களை அவமதிக்கல. எங்க ஊர்ல தேர்வுக்கு முன்னாடி நன்றி சொன்னா காரியம் கெட்டுப்போகும்னு ஒரு பழக்கம். மூணு வாரமா சொல்லிப் பழகினேன். வரல. முடிஞ்சப்புறம் சொல்றேன்."

ராடெக் நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்ட சத்தம் கேட்டது.

திருமதி விட்லாக் பேனாவை எடுத்தாள். ரொம்ப நேரம் எழுதினாள். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மேலதிகாரியோட நீங்க முரண்பட்ட ஒரு சம்பவத்தைச் சொல்லுங்க."

சொன்னேன். ஜனவரியில் ஒரு பெரிய இன்ஜினியர் கப்பல் காத்திருக்கிறது, தூக்கு என்றார். நான் காற்று பன்னிரண்டு, தூக்க மாட்டேன் என்றேன். அவர் கத்தினார். நான் ரேடியோவை இடுப்பில் மாட்டிக்கொண்டு நின்றேன். மூன்று மணிநேரம் கழித்துக் காற்று அடங்கியது. தூக்கினேன். அவ்வளவுதான்.

"தெளிவா இருக்கு. ஆனா இது உயர்நிலைத் தேர்வு. கொஞ்சம் செழுமையா, மரபுத்தொடர் எல்லாம் சேர்த்துச் சொல்ல முடியுமா?"

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. ஐந்து மாதம், அதன்மேல் மூன்று வாரம். எல்லாம் சேர்ந்து வந்தது.

"முடியும். ஆனா மாட்டேன். முந்நூறும் எனக்குத் தெரியும். எதை வேணும்னாலும் கேளுங்க, இப்பவே. ஆனா அந்தக் கொக்கியில இருநூறு டன் தொங்குது. கீழ உக்ரைன்காரன் நிக்கிறான், பிலிப்பைன்ஸ்காரன் நிக்கிறான், ஒரு போர்ச்சுகீசியன் நிக்கிறான். ரேடியோவுல நான் யானை, நிலா, பல்லோட தோல்னு ஆரம்பிச்சா அவன்ல யாருக்குப் புரியும்? புரியாதவன் தலையில விழும். அங்க நில்லுன்னா நில்லுதான்."

போயிற்று என்று நினைத்தேன். பகைமைக்கு அடுத்த கட்டம் என்னவோ, அதை எழுதப் போகிறாள்.

"சரி. கேட்கறேன்," என்றாள்.

கேட்டாள். ஒன்றன்பின் ஒன்றாக. புத்தகத்தில் இருந்ததைக் கேட்டாள், இல்லாததையும் கேட்டாள். இல்லாததற்குத் தெரியாது என்றேன். இருந்ததற்கெல்லாம் அர்த்தமும் சொன்னேன், உதாரணமும் சொன்னேன். அரைமணி நேரம். இருபது கேள்வி என்று விதி, நாற்பதைத் தாண்டியிருக்கும். எனக்குக் கோபம், அவளுக்கும் கோபமோ என்னவோ தெரியவில்லை. கடைசியில் ஃபைலை மூடினாள்.

"முடிஞ்சுது," என்றாள். பிறகு முகவாயில் கைவைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

"இல்லைங்க அம்மா," என்றேன். "ரிசல்ட் வரட்டும்."

வெளியே ராடெக் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"ஒரு வார்த்தை," என்றான். "அந்தப் பொம்பளை உன் வாயைப் பார்த்து உட்கார்ந்திருந்தா. ஒரே ஒரு வார்த்தை. உன்னைத் தூக்கறதுக்கு ரெண்டு கிரேன் பத்தாதுடி."

*

முடிவு பதினாறு நாள் கழித்து வந்தது. அந்தப் பதினாறு நாளும் ராடெக் என்னோடு பேசவில்லை. ஒரு இரட்டைத் தூக்கு வந்தபோது மட்டும், "நீ நில்லு," என்று ரேடியோவை என் கையில் திணித்துவிட்டு ஸ்லிங் மாட்டப் போனான்.

லுட்சினா தாளோடு தளத்துக்கே நடந்து வந்தாள், குதிகால் செருப்போடு, சேற்றில். சத்தமாகப் படித்தாள்.

"சொல்வளம், மிகச் சிறப்பு. அதைப் பயன்படுத்துவதில் விருப்பமின்மை. காரணம் விளக்கப்பட்டது, ஏற்கத்தக்கது. பழகும் விதம், நேரடி. பரிந்துரை, ஆம்."

ப்ரூனோன் விசிலடித்தார். யாரோ என் முதுகில் அறைந்தார்கள்.

"பிரமாதம் பானி," என்றாள் லுட்சினா.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. அதிர்ஷ்டம்தான்," என்றேன்.

"இன்னும் திருந்தல பாரு," என்றான் ராடெக். பதினாறு நாளில் அவன் என்னிடம் பேசிய இரண்டாவது பேச்சு. அவன் முகம் வெளுத்திருந்தது. பிறகு ஒரு ஸ்லிங் சுருளின்மேல் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

நான் நேராக லுட்சினாவின் அறைக்குப் போய், அழுக்குக் கையோடு அவள் கணினியில் உட்கார்ந்தேன். சொன்ன சொல். 'அன்புள்ள திருமதி விட்லாக், ரிசல்ட் வந்துவிட்டது. இப்போது நன்றி. பொக்னா ஷுல்ட்ஸ், கிரேன் எண் பதின்மூன்று.' படித்துப் பார்த்தேன். பிழை இல்லை. அனுப்பினேன்.

அடுத்த நொடியே பதில் வந்தது. திறந்தேன்.

நான் விடுமுறையில் இருக்கிறேன், அடுத்த மாதம் நான்காம் தேதிதான் அஞ்சல்களைப் பார்ப்பேன், அவசரம் என்றால் கீழ்க்கண்ட எண்ணில் அழைக்கவும் என்று கணினி தானாக எழுதியிருந்தது. கடைசியில், தங்கள் செய்திக்கு முன்கூட்டியே நன்றி என்றும் இருந்தது.

"முன்கூட்டியே!" என்று கத்தினேன். லுட்சினா பயந்து போய் எட்டிப் பார்த்தாள்.

புதிய பதவியில் முதல் தூக்கு மறுநாள் காலை. என் கேபினில் வேறொரு பெண் ஏறினாள். ராடெக் ஸ்லிங்கை மாட்டி, இழுத்துப் பார்த்து, விலகி நின்றான். கரையோரம் முதலாளிகள் அனுப்பிய ஸ்காட்லாந்து இன்ஜினியர் புது ஹெல்மெட்டோடு நின்றார். தோள்பட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்த ரேடியோவில் உற்சாகமாக, "எல்லாருக்கும் நல்லபடியா அமையட்டும்!" என்றார்.

நாற்பது பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் ரேடியோ வேலை செய்கிறதா என்று அதைத் தட்டிப் பார்த்தார்.

காற்று ஆறு. நான் பொத்தானை அழுத்தினேன்.

"ரெண்டு பேரும். மேல. மெதுவா."